கழுவும் தண்ணீர்

மெஹ்ஜபீனுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் மகளிடம் ஓடத் தோன்றியது, மகளிடம் போனால் மறுபடியும் அடுப்படிக்கு வந்து அந்தப் பிளாஸ்டிக் கப்பை எடுத்துக் கழுவத் தோன்றியது. கழுவியே ஆகவேண்டும் என்று அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் கழுவினாள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பும் கழுவியிருந்தாள்.

மகள் உமைராவுக்கு நாலு வயது. பாயில் சுவரோடு சாய்ந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே தோல் குழி விழுந்தது. மெஹ்ஜபீன் செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, மகளின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினாள். நாற்பத்து நாலு. டாக்டர் சொல்லிக் கொடுத்த கணக்கு அது. நாற்பதுக்கு மேலே போனால், மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற நெபுலைசரை வைக்க வேண்டும். வைத்தும் இறங்கவில்லை என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு வைக்கும்போது நாற்பத்திரண்டு இருந்தது, வைத்த பிறகும் அதே நாற்பத்திரண்டு. பதினொன்றரைக்கு மறுபடி வைத்தாள். இறங்குவதற்குப் பதிலாக இரண்டு ஏறியிருந்தது.

மெஷின் என்னவோ குறை வைக்காமல்தான் கத்தியது. தெருவில் அதற்குப் ‘புகை மெஷின்’ என்று பெயர். ஸ்விட்சைப் போட்டால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். சத்தம் போடுகிறவரெல்லாம் வேலை செய்கிறவர் என்று நம்பி ஓட்டுப் போடுகிற ஊர் நம்முடையது. மெஹ்ஜபீனும் அந்தச் சத்தத்தை நம்பினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் உமைராவுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது, அவளுடைய கணவன் அல்தாப் தர்மபுரியில் வாங்கி வந்த மெஷின் அது. அல்தாப் சந்தை சந்தையாகப் போய் ரெடிமேட் துணி விற்கிறவன். வாரத்தில் ஐந்து நாள் அவன் வீட்டில் இருப்பதில்லை. இன்றைக்குக் கம்பைநல்லூரில் கடை போட்டிருந்தான்.

அன்று வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். “கப்பையும் மாஸ்கையும் சுத்தமா வெச்சுக்கணும்மா. அழுக்கோட வெச்சீங்கன்னா கிருமி நேரா நெஞ்சுக்குள்ள போயிடும்.” நேரா நெஞ்சுக்குள்ள. அந்த இரண்டு சொற்களும் மெஹ்ஜபீனின் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டன. அன்றிலிருந்து அவள் கழுவியதைப் போல அந்தத் தெருவில் யாரும் எதையும் கழுவியதில்லை. ஒவ்வொரு தடவை மருந்து வைத்ததும் கப்பைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கி கொண்டு தேய்த்து, அதற்கென்றே வாங்கிய சின்ன அலுமினியச் சட்டியில் பத்து நிமிடம் கொதிக்க வைப்பாள். ஒரு நாளைக்கு நாலு தடவை. கொதித்ததை எடுத்து, உதறியும் உதறாமலும் ஒரு டிபன் டப்பாவில் போட்டு மூடி வைப்பாள். தூசி படக்கூடாதே!

அவள் சுத்தத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊரில் தண்ணீர் இரண்டு சாதி. ஒன்று ஒகேனக்கல் தண்ணீர். அது முறை வைத்து வரும், குழாயடியில் குடம் குடமாகப் பிடித்து, மூடி போட்டு, குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே எடுப்பார்கள். இன்னொன்று ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிற போர்த் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாம் அதுதான். உப்பு என்றால் உப்பு அப்படியொரு உப்பு. துவைத்த சட்டை ஒரு வருடத்தில் விறைத்துப் போகும், தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் உள்ளே சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். கழுவுகிற காரியத்துக்கு ஒகேனக்கல் தண்ணீரை எடுக்கிற பெண்ணை அந்தத் தெரு சும்மா விடாது. மெஹ்ஜபீன் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரம் அரிசி கழுவ அந்தக் குடத்தில் கை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு கை தானாகவே பிரித்துக்கொள்ளும். குடிப்பது இது, கழுவுவது அது. கப்பு கழுவுகிற சாமான். அதனால் அதற்குப் போர்த் தண்ணீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்கத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் தீர வேண்டிய மருந்து இப்போதெல்லாம் அரை மணி நேரம் ஆகியும் கப்பின் அடியில் கிடந்தது. உமைரா பாதியில் தூங்கிவிடுவாள், மிச்சத்தை மெஹ்ஜபீன் கீழே ஊற்றுவாள். நிறைய நேரம் வைத்தால் நல்லதுதானே என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வாள். குழந்தைக்கு மட்டும் குணமாகவில்லை. முதல் மூன்று வாரம் நன்றாகத் தேறி வந்தவள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போனாள். தன் கையில் தவறு இருக்காது என்று மெஹ்ஜபீனுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியானால் தவறு வேறு யாருடைய கையிலாவது இருக்க வேண்டும்.

அகப்பட்டவர் சென்னப்பன். எதிர் வீட்டுக்காரர், அறுபத்தைந்து வயது, குச்சிக்கிழங்கும் மஞ்சளும் போடுகிற விவசாயி. அவருக்கும் மூச்சு முட்டல். மெஷின் வந்த இரண்டாவது வாரம் அவருடைய மருமகள் மணிமேகலை வந்து, “அக்கா, காலையில ஒரு பத்து நிமிசம் மெஷின மட்டும் குடுங்க. கப்பு, மாஸ்க்கு, டியூப்பு எல்லாம் நாங்க தனியா வாங்கிட்டோம்” என்று கேட்டாள். மணிமேகலையின் கணவன் நவநீதன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான், அடுத்த தடவை வரும்போது சொந்தமாக ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தான். மெஹ்ஜபீன் மனது வைத்துத்தான் கொடுத்தாள். தினமும் காலையில் மெஷின் தெருவைக் கடந்து போகும், பத்து நிமிடத்தில் துடைத்துத் திரும்பி வரும்.

குழந்தைக்கு மறுபடி இழுக்கத் தொடங்கியதும் அவளுக்கு அந்தத் திரும்பி வருகிற மெஷின் கண்ணை உறுத்தியது. ஒரு வாரம் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கினாள். பிறகு ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில், குழாயடியில், தெருவே வரிசை வைத்து நிற்கிற நேரம் பார்த்து மணிமேகலையிடம் வாயைத் திறந்தாள்.

“மெஷினைக் குடுத்தது என் தப்புதான். உங்க மாமனாரு இருமி இருமி வெச்சிட்டு அனுப்பறாரு. அந்தச் சீக்கெல்லாம் என் புள்ள நெஞ்சுக்குள்ளதான் போவுது.”

“நாங்க எங்க கப்புல வெக்கிறோங்க்கா. உங்க கப்பத் தொட்டதுகூட இல்ல” என்றாள் மணிமேகலை.

“கப்பு வேறன்னா காத்து வேறயா? குடுக்கறதுக்கு முன்னால நல்லா இருந்த புள்ள, குடுத்ததுக்கு அப்புறம் இழுக்குது. அவரு மூச்சுதான் என் புள்ள மூச்ச வாங்குது. இதுக்கு மேல என்னா சொல்லணும்?”

பின்னால் சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு சென்னப்பன் நின்றிருந்தார். தண்ணீர் பிடிக்காமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். வாய் விட்ட சொல்லை யார் போய்ப் பிடிப்பது? சாயங்காலத்துக்குள் தெரு அவருக்கு டி.பி. என்று தானாகவே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மெஷின் தெருவைக் கடப்பதும் நின்றது. அது நடந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது, உமைராவுக்கு இழுப்பு மட்டும் நிற்கவில்லை. பழைய சீக்கு உள்ளேயே தங்கிவிட்டது என்று மெஹ்ஜபீன் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

அவள் மறுபடி எண்ணினாள். நாற்பத்தெட்டு. உமைராவின் உதடு வெளுத்திருந்தது. “அம்மி” என்றாள், அடுத்த சொல் வரவில்லை. ஒரு சொல்லுக்கு மேல் பேச மூச்சு பத்தவில்லை.

அல்தாப்புக்குப் போன் போட்டாள். சந்தை இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. நூற்றெட்டுக்குப் போட்டாள். வண்டி கிளம்பிவிட்டது, இருபது நிமிடத்தில் வரும் என்றார்கள். இருபது நிமிடம் என்பது இந்த மூச்சில் எத்தனை மூச்சு என்று அவள் மனது கணக்குப் போடத் தொடங்கியது. போட்டு முடிக்கத் தைரியம் இல்லை. துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கப்பும் மாஸ்கும் இருந்த டிபன் டப்பாவை மருந்துப் பையில் போட்டுத் தோளில் மாட்டி, மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். கதவைப் பூட்டினாளா என்பது அவளுக்கு நினைவில்லை. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அரூர் பக்கமிருந்து வருகிற பஸ்ஸும் இல்லை, ஷேர் ஆட்டோவும் இல்லை. வந்த ஒரே வண்டி ஒரு எக்ஸ்.எல். மொபெட். பின்னால் மாட்டுத் தீவனப் புல் கட்டு, முன்னால் மணிமேகலை.

மெஹ்ஜபீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரத்திலும் திருப்பிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி தாண்டிப் போய், பத்தடி தள்ளி நின்றது. மணிமேகலை இறங்கி, புல் கட்டை அவிழ்த்து ரோட்டோரம் உருட்டித் தள்ளினாள்.

“ஏறுங்க.”

“நூத்தெட்டு வருது” என்றாள் மெஹ்ஜபீன்.

“வரட்டும், எதுக்க வந்தா மாத்திக்கலாம். புள்ள மூஞ்சியப் பாருங்க மொதல்ல. ஏறுங்கன்றேன்ல!”

ஏறினாள். பாப்பிரெட்டிப்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஆறு கிலோமீட்டர். மகளை இருவருக்கும் நடுவில் நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகோடு தன் நெஞ்சைச் சேர்த்துக்கொண்டாள். அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்குவது அவள் நெஞ்சில் தெரிந்தது. தெரியாத நொடியில் எல்லாம் உயிர் போய்த் திரும்பியது. மணிமேகலை வண்டியை விரட்டிய விரட்டில் ஆக்சிலேட்டர் கையோடு வந்துவிடும் போலிருந்தது. வண்டி ஓடிய அளவுக்கு அவள் வாயும் ஓடியது.

“பாவம்னு ஏத்தறேன், பேசறதுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சிடாதீங்க. எங்க மாமனாருக்குச் சளி டெஸ்ட்டு ரெண்டு தரம் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லன்னு பேப்பர் வூட்டுல இருக்குது. தெருவுக்கே படிச்சிக் காட்டட்டுங்களா?”

மெஹ்ஜபீன் குனிந்து மகளின் உதட்டைப் பார்த்தாள்.

“அன்னிக்கே பாயைச் சுருட்டிக்கிட்டு காட்டுக் கொட்டாய்க்குப் போனவரு. இன்னும் வூட்டுப் படி ஏறல. சோறுகூட அங்கதான் கொண்டுபோறேன். தெனம் மொத பஸ்ஸுக்குப் போயி ஆஸ்பத்திரில புகை வெச்சிக்கிட்டு வராரு. அவ்ளோ ரோசம் மனுசனுக்கு. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க, எங்க வூடு ரெண்டாப் போச்சு.”

“வேகமாப் போ மணி” என்றாள் மெஹ்ஜபீன். அவளுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. வழியில் நூற்றெட்டு எதிரே வரவும் இல்லை, அவர்களே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் காவியா குழந்தையைப் பார்த்ததும் கேள்வி கேட்கவில்லை. கையில் வாங்கிக் கட்டிலில் உட்கார வைத்து, விரலில் கிளிப் மாட்டி, மாஸ்கைப் போட்டு மெஷினைத் தட்டினாள். டாக்டர் வந்து முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். மெஹ்ஜபீன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்கின் இரண்டு ஓட்டைகளிலிருந்தும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தையே மறைத்தது. வீட்டில் இப்படி வந்து எத்தனை நாள் ஆயிற்று? முதல் வாரம் இப்படித்தான் வந்தது. உமைரா அந்தப் புகையைப் பிடிக்கக் கை நீட்டிச் சிரிப்பாள். பிறகு எப்போது நின்றது என்பது அவளுக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிறவளுக்கு, தினமும் கொஞ்சமாகக் குறைந்ததால், குறைந்ததே கண்ணில் படவில்லை.

மூன்று தடவை வைத்தார்கள். இரண்டாவது முடியும்போதே குழி விழுவது குறைந்தது. மூன்றாவது முடிந்ததும் உமைரா, “அம்மி, தண்ணி வேணும், பிஸ்கட்டும் வேணும்” என்று ஒரே மூச்சில் கேட்டாள். மெஹ்ஜபீன் எண்ணினாள். முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினாள். முப்பது. கம்பியை விட்டபோது உள்ளங்கையில் கோடு பதிந்திருந்தது.

“வூட்டுல என்ன மருந்து வெக்கிறீங்க?” என்று டாக்டர் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். “இதேதான நாங்களும் வெச்சது. இங்க கேக்குது, அங்க ஏன் கேக்கல? காவியா, இவங்க கப்ப வாங்கிப் பாரு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மெஹ்ஜபீன் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். நீட்டும்போது அவள் குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. “சுத்தமா இருக்குங்க. ஒரு நாளைக்கு நாலு வாட்டி கொதிக்க வெக்கிறேன். எங்க வூட்டுல வேற யாரும் இதத் தொடறதில்ல.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது கதவோரம் நின்ற மணிமேகலை பக்கம் கண் போனது.

காவியா டப்பாவின் மூடியில் கோத்திருந்த நீர்த்துளிகளைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். “ஈரத்தோட மூடி வெக்கக் கூடாதுங்க. கிருமிக்கு வூடு கட்டிக் குடுத்த மாதிரி.” பிறகு அந்தக் கப்பில் கொஞ்சம் உப்பு நீர் மருந்தை ஊற்றி ஆஸ்பத்திரி மெஷினில் மாட்டித் தட்டினாள். மெஷின் கத்தியது. புகை நூல் போல ஒரு இழை வந்து நின்றது. அணைத்துவிட்டுத் தன் கப்பை மாட்டினாள், குபுகுபுவென்று வந்தது. மறுபடி இதை மாட்டினாள், இழை. “மெஷின் மேல தப்பில்ல. உங்க கப்புதான் அடைச்சிருக்குது. எத்தன மாசம் ஆச்சு?”

“ரெண்டே மாசங்க. புதுசு.”

மணிமேகலை வந்து, யாரையும் கேட்காமல் கப்பைக் காவியாவின் கையிலிருந்து வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கப்பின் நடுவில் ஒரு சின்னக் கூம்பு, அதன் உச்சியில் ஊசி குத்தினாற்போல ஓர் ஓட்டை. காற்று அந்த ஓட்டை வழியாகச் சீறி வந்துதான் மருந்தைப் புகையாக உடைக்கும். மணிமேகலை கூம்பை நகத்தால் சுரண்டினாள். நகத்தில் வெள்ளையாக மாவு ஒட்டிக்கொண்டது. அதை நாக்கில் வைத்துப் பார்க்கிற அளவுக்குப் போய், ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

“எந்தத் தண்ணில கொதிக்க வெச்சீங்க?”

“போர்த் தண்ணிலதான். கழுவறதுக்கு வேற எந்தத் தண்ணி?”

“போர்த் தண்ணில. ஒரு நாளைக்கு நாலு வாட்டி.” மணிமேகலை சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சிரிப்பே இல்லை. “எங்க மஞ்சக் காட்டுல சொட்டு நீர் டியூப்பு இருக்குதே, ஓட்டைக்கு ஓட்ட இதே வெள்ளதான். ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி ஆசிட்டு விட்டுக் கழுவலன்னா ஒரு சொட்டு வராது. ரெண்டு வெரல் தண்டி பைப்பையே அடைக்கிற உப்பு, ஊசி ஓட்டைய விட்டு வெக்குமா? கொதிக்க வெச்சா இன்னும் கெட்டியால்ல படியும்! நல்லாப் பாத்துக்கங்க. இது எங்க மாமனாரு சளி இல்ல. உங்க உப்பு. ஆடத் தெரியாதவ கூடம் கோணலுன்னாளாம்.”

காவியாவுக்கு நடுவில் இருந்த கதை தெரியாது. அவள் பாட்டுக்கு, “இதுக்கு ஆசிட்டு கீசிட்டு ஊத்திடாதீங்க தாயே” என்று பதறினாள். “இந்தக் கப்ப வீசிட்டுப் புதுசு வாங்கிக்கங்க. காய்ச்சி ஆறவெச்ச குடிக்கிற தண்ணிலதான் கழுவணும். ஒவ்வொரு வாட்டியும் அலசி, நல்லா உதறி, சுத்தமான துணி மேல காத்துல காய விடுங்க. ராத்திரிக்கு ஒரு தரம் சோப்பு போட்டுக் கழுவிட்டு, வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு ஊத்தி அரை மணி நேரம் ஊற வெச்சி அலசிக் காய வெச்சாப் போதும். கிருமியும் சாவும், உப்பும் ஒட்டாது. டியூப்புக்குள்ள மட்டும் தண்ணி விடாதீங்க.” அப்புறம் மணிமேகலையை உற்றுப் பார்த்து, “நீங்க சென்னப்பன் தாத்தா மருமகதான? காலையிலயே வந்துட்டுப் போயிட்டாரு. பாவம், தன் மொற வர்ற வரைக்கும் வெளிய மரத்தடியிலதான் நிப்பாரு. உள்ள வந்து உக்காருங்கன்னா, புள்ளைங்க இருக்குதுன்னுட்டு வரவே மாட்டாரு” என்றாள்.

மெஹ்ஜபீன் அதைக் கேட்டாள். இந்தத் தடவை எல்லாம் காதில் ஏறியது. ஒரு மாதத்துக்கு மேலாக அவள் மகளின் நெஞ்சை அடைத்தது அவள் கைதான். ஒரு நாளைக்கு நாலு தடவை, பத்துப் பத்து நிமிடம், பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறாள். அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ‘யா அல்லா’ என்று வாய் முணுமுணுத்தது. அழுகை வந்திருந்தால் பரவாயில்லை, அதுவும் வரவில்லை.

சாயங்காலம் நாலு மணி வரை வைத்திருந்து பார்த்துவிட்டு, டாக்டர் வீட்டுக்குப் போகச் சொன்னார். எதிரில் இருந்த மெடிக்கலில் புதுக் கப்பு செட்டும், மளிகைக் கடையில் ஒரு பாட்டில் வினிகரும் வாங்கினார்கள். கம்பைநல்லூரிலிருந்து அல்தாப் ஏழெட்டுத் தடவை கூப்பிட்டுவிட்டான். “நல்லா இருக்கா, வூட்டுக்கு வாங்க, சொல்றேன்” என்று மட்டும் சொல்லி வைத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் மணிமேகலை வாயைத் திறக்கவில்லை. திட்டுகிற மணிமேகலையைத் தாங்கிவிடலாம், பேசாத மணிமேகலையைத் தாங்க முடியவில்லை. ரோட்டோரம் உருட்டிவிட்ட புல் கட்டு பாதி மாட்டுக்குப் போயிருந்தது. அதைப் பார்த்தும் அவள் வண்டியை நிறுத்தவில்லை.

“மணி, கொட்டாய் பக்கம் திருப்பு” என்றாள் மெஹ்ஜபீன்.

“எதுக்கு?”

“அய்யாவப் பாக்கணும்.”

“பாத்து? மன்னிப்பு கேக்கப் போறீங்களா? அவரு மொகங்குடுத்தே பேச மாட்டாரு. நானே கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துட்டேன்.”

“பேசலன்னாலும் பரவால்ல. திருப்பு.”

காட்டுக் கொட்டாய் மஞ்சள் தோட்டத்தின் நடுவில் இருந்தது. ஒரு மோட்டார் ரூம், அதன் மேல் இறக்கிய தகரக் கூரை, கூரைக்குக் கீழே ஒரு கயிற்றுக் கட்டில். சென்னப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், வண்டியில் உமைரா இருப்பதைப் பார்த்ததும் வாளியை அப்படியே போட்டுவிட்டு விறுவிறுவென்று பின்வாங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டார்.

“கிட்ட வராதீங்கம்மா. அங்கயே நில்லுங்க. புள்ளயப் போய் இங்க கூட்டியாந்துட்டீங்களே” என்று துண்டுக்குள்ளிருந்து கத்தினார். கத்தியதில் இருமல் வந்தது. இருமுவதற்கு அவர் மோட்டார் ரூமின் பின்பக்கம் ஓடினார்.

மெஹ்ஜபீன் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தாள். இது அவளுக்குப் புரியவில்லை. அவர் திரும்பி வரும் வரை காத்திருந்துவிட்டு, வரப்பில் நின்றபடியே சொன்னாள். “அய்யா, புள்ளைக்கி வந்தது உங்களால இல்லீங்க. நான் போர்த் தண்ணில கொதிக்க வெச்சி கப்பு உப்பு புடிச்சிப் போச்சு. மருந்தே உள்ள போவல. நர்ஸ் மாட்டிக் காட்டினாங்க. தப்பு பூரா என்னுது. தெருவுல வெச்சி உங்களச் சொன்னேன். அது பொய்யிங்க.”

சென்னப்பன் மருமகளைப் பார்த்தார். மணிமேகலை பழைய கப்பை எடுத்து உயர்த்திக் காட்டினாள். “நம்ம டியூப்புல அடைக்கறதேதான் மாமா. சுரண்டினா மாவாட்டம் வருது.”

அவர் துண்டை முகத்திலிருந்து இறக்கினார். பிறகு கட்டிலில் வந்து உட்கார்ந்தார். “மெய்யாலுமா?” என்று கேட்டார். “மெய்யாலும் என்னால இல்லியா?”

“இல்லீங்க அய்யா.”

“நான்தான் புள்ள நெஞ்சக் கெடுத்துட்டேன்னு இருந்தேன் தாயி. என் மூச்சுல என்னமோ கெட்டது இருக்குதுன்னு. அதான் இங்கயே இருந்துட்டேன். வூட்டுல நம்ம பேத்தி ஐஸ்வர்யா இருக்குதே, ஒண்ணரை வயசு. ஓடியாந்து கால கட்டிக்கும். அதுக்கும் எதனா ஆயிட்டா?”

மணிமேகலை உயர்த்திப் பிடித்த கப்பைக் கீழே இறக்கினாள். “கோவிச்சிக்கிட்டுதான வந்தீங்க? ரோசத்துலதான?” என்று கேட்டாள்.

“கோவமா? அந்தம்மா மேல என்னா கோவம்? பெத்தவ, தெருவே நிக்கறப்ப சொல்லுது. தெரியாமயா சொல்லும்னு இருந்தேன்.”

மெஹ்ஜபீனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் கோபித்திருந்தால், ஊரைக் கூட்டியிருந்தால், அவள் வீட்டு வாசலில் வந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை. அவர் நம்பிவிட்டார். அவள் பயத்தில் உளறியதை, அவளைவிட அதிகமாக, அவளுடைய மகளுக்காக நம்பிவிட்டார். வரப்பிலிருந்து இறங்கி நேராகக் கட்டிலுக்குப் போனாள். அவர் மறுபடி எழுந்துகொள்ளப் பார்த்தார். எழுவதற்குள் இடுப்பிலிருந்த உமைராவை இறக்கி அவர் மடியில் உட்கார வைத்தாள்.

“புடிச்சுக்கங்க அய்யா. விழுந்துடப் போறா.”

விழுந்துவிடுவாளே என்றுதான் அவர் கை தானாக வந்து பிடித்தது. உமைரா அவர் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை இழுத்தாள். “தாத்தா, எனக்கு ஆஸ்பத்திரில பிஸ்கட் குடுத்தாங்க” என்றாள். சென்னப்பன் தலையை ஆட்டினார். பேசவில்லை. முகத்தை மோட்டார் ரூம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஆட்டினார்.

“இந்தப் பக்கம் திரும்புங்க அய்யா” என்றாள் மெஹ்ஜபீன்.

திரும்பினார். உதட்டை இறுக மூடியிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நெஞ்சு அசையவில்லை. இரண்டு மாதமாக ஒரு நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவர் என்ன செய்கிறார் என்று உடனே தெரிந்துவிட்டது. குழந்தையின் மேல் பட்டுவிடாமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

“மூச்சை விடுங்க அய்யா” என்றாள். அவர் விடவில்லை. அவள் கட்டிலுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, விடுங்க” என்று கெஞ்சினாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டார்.